எந்த மாதம், எந்தச் சரிவு: மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுப்பூவும் காட்டுயிரும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

“நீலகிரிக்குப் போக எந்த மாதம் நல்லது?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீலகிரியில் எந்தப் பக்கம்? ஒரே மாவட்டத்தில், ஒரே வாரத்தில், ஒரு சரிவு பூத்துக் கிடக்கும்; மலை முகட்டைத் தாண்டினால் அடுத்த சரிவு காய்ந்து கிடக்கும். எந்தப் பூ எப்போது மலரும், எந்தத் தவளை எப்போது கத்தும், வரையாடு எப்போது கூட்டமாகச் சேரும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது மழை. அது எந்தத் திசையிலிருந்து எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, மெதுவாக நடப்பது.

இந்த வழிகாட்டி நீலகிரி, பழனி மலை, ஆனைமலை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. எல்லையை ஒட்டிய மூணாறு, இரவிகுளம் பக்கமும் கொஞ்சம் வரும்.

1. முதலில் மழையைப் படியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நீலகிரியில் நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி, ஆனைமலையில் வால்பாறை, சின்னக்கல்லாறு எல்லாம் அதில் முழுசாக நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதே நாட்களில் கிழக்கே கோத்தகிரியில் மழை அவ்வளவு இருக்காது. அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலின் கிழக்குச் சரிவுகளை நனைக்கும்.

உயிர்களும் இதற்கேற்பவே வாழ்கின்றன. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்து, இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பக்கத்தில் வாழும் இனம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வருகிறது. 2017-இல் தமிழகப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலிருந்து விவரிக்கப்பட்ட அதன் உறவினம், வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. மலைத்தொடர் ஒன்றுதான். இந்தச் சரிவுக்கு ஒரு மழைக்காலம், அந்தச் சரிவுக்கு இன்னொன்று.

ஆகவே போகும் இடத்தைத் தேர்ந்ததும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மேற்குச் சரிவா, கிழக்குச் சரிவா? உயரம் எவ்வளவு? கடந்த இரண்டு வாரத்தில் அங்கே மழை உண்டா? உயரம் ஏன் முக்கியம் என்றால், ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும் பிப்ரவரியில் தொட்டபெட்டா உச்சியில், அதாவது 2,637 மீட்டரில், காலையில் புல் உறைந்திருக்கும். இரண்டு இடத்திலும் பூ உண்டு, ஆனால் ஒரே பூ இருக்காது.

2. அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்க முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொண்டால், அந்தந்தப் பகுதி இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பூவும் பறவையும் பார்க்கப் போகிறவர்கள் எளிய தடத்தையே எடுங்கள். மூச்சு வாங்கும்போது எதுவும் கண்ணில் படாது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். அப்போது தடங்களை வழக்கமாக மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்துபோனார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. “ஒரு நாள்தானே, யாருக்கும் தெரியாது” என்று யாராவது குறுக்கு வழி காட்டினால் போகவே போகாதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்பும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவும் வரையாடு குட்டி போடும் பருவத்தில், ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச்சில், மூடப்படும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

8x42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ள பைனாகுலர் ஒன்று. பெரிதாக்கிக் காட்டும் திறன் அதிகமானால் நல்லது என்று 12x, 16x வாங்கிவிடுகிறார்கள். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாவதால் பறவையே பிடிபடாது. சோலைக்குள் வெளிச்சம் குறைவு, அங்கே 42 மில்லிமீட்டர் கண்ணாடி கைகொடுக்கும்.

பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் ஒன்று. விலை குறைவு, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். பலர் இதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. என் கணக்கில் பைனாகுலருக்கு முன்பே வாங்க வேண்டியது இதுதான். மலைப்பூக்களில் பெரும்பாலானவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை.

குறிப்பேடும் பென்சிலும். மழையில் பேனா மை கலங்கும், பென்சில் எழுத்து நிற்கும். அப்புறம் மழைக்கோட்டு, அட்டைக்கடிக்குத் தடுப்பாக முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை, கொஞ்சம் உப்பு. அட்டை கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. உடுப்பு பச்சை, காக்கி, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். சென்ட் வேண்டாம். அது விலங்கை விரட்டும், மலைத்தேனீயைச் சீண்டும்.

4. நடக்கும் விதம்

மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் உச்சியைக் குறிவைப்பார்கள். நமக்கு உச்சி தேவையில்லை. மணிக்கு ஒரு கிலோமீட்டர் போதும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் மூன்று கிலோமீட்டர் நடந்தால், அன்றைய விலங்குகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். ஒன்பதரைக்கு மேல் பூவின் நேரம்: வெயில் ஏறினால்தான் பல பூக்கள் விரியும், வண்ணத்துப்பூச்சி பறக்கும்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரே விதிதான்: ஓரத்தில் நில்லுங்கள். நம் மலைகளின் உயரப் பகுதியில் மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் இருக்கும். சோலை முடிந்து புல் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் எல்லாம் நடக்கிறது. விடியற்காலையில் கடமான் புல்லை விட்டுச் சோலைக்குள் திரும்புவது அங்கே. நீலகிரி ஈப்பிடிப்பான் கிளை நுனியில் உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருப்பது அங்கே. நிழலும் வெயிலும் கலந்து கிடைப்பதால் பூச்செடிகளும் அங்கேதான் அடர்த்தி. ஓரத்தில் ஒரு பாறையோ மரமோ பார்த்து, முதுகைக் கொடுத்து, பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். நாம் வந்ததால் அடங்கிய காடு திரும்பப் பேச ஐந்தாறு நிமிடமாவது ஆகும்.

கண்ணுக்கு முன்னால் காதைப் பழக்குங்கள். ‘டாங்க்’ என்று மணியடித்த மாதிரி ஒற்றை ஒலி கேட்டால் அது கடமானின் எச்சரிக்கை. ஒரு முறை கத்தி நின்றுவிட்டால் உங்களைப் பார்த்துக் கத்தியதாக இருக்கும். விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தால், அதே நேரத்தில் மரத்தின் மேலிருந்து கருமந்தியும் குரல் கொடுத்தால், சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது என்று கொள்ளலாம். அப்போது நகராமல், மான் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். மனிதன் சீழ்க்கை அடிப்பது போன்ற கூர்மையான ஒலி பாறைச் சரிவிலிருந்து வந்தால், வரையாடு உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கொஞ்சம் காய்ந்த புல்லைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். உங்கள் முகத்தில் அடிக்கும் காற்று நல்ல காற்று. முதுகில் அடித்தால் நீங்கள் வரும் சேதி உங்களுக்கு முன்னே போய்விடும்.

போன வழியிலேயே திரும்பி வருவதை வீண் என்று நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்த புல்தரையில் பதினோரு மணிக்கு நீலப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஜென்ஷியன் என்ற தரையோடு ஒட்டிய சிறு செடி அது. வெயில் பட்டால் விரியும், மேகம் மறைத்தால் மூடிக்கொள்ளும். மூடிய நிலையில் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது.

5. மாதம் தோறும் என்ன பார்க்கலாம்

ஜூன் – செப்டம்பர்: மேற்குச் சரிவின் மழை

மழைக்குப் பயந்து மலையேறாமல் இருப்பவர்கள் மிக நல்ல பருவத்தை விட்டுவிடுகிறார்கள். நீர் வழியும் பாறைச் சுவர்களில் காட்டுக் காசித்தும்பைகள் பூப்பது இப்போதுதான். வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் உறவுகளே இவை. இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா என்று பல இனங்கள், அவற்றில் பல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. சில இனங்களுக்குத் தண்டே இருக்காது. பாறையிலோ பாசி படிந்த மரத்திலோ ஒட்டிக்கொண்டு, இலைகளின் நடுவிலிருந்து பூக்காம்பை மட்டும் நீட்டும்.

ஈரப் புல்வெளியில் குனிந்து தேட வேண்டியது அழுகண்ணி. பார்வைக்குச் சிவப்பு கலந்த சிறு செடி, அவ்வளவுதான். கை லென்ஸை வைத்துப் பாருங்கள். இலை முழுக்கச் சிவந்த மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளிப் பசை. கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று ஒரு துளியில் காலை வைத்து மாட்டியிருக்கும். இழுக்க இழுக்கப் பக்கத்துத் துளியிலும் ஒட்டும். சுற்றியுள்ள மயிர்கள் மெல்ல அதன்மேல் வளையும். சத்து குறைந்த மண்ணில் வாழும் செடி, தனக்கு வேண்டிய நைட்ரஜனைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு அழுகண்ணி கண்ணில் பட்டால் காலைத் தூக்கும் முன் கீழே பாருங்கள், சுற்றிலும் நிறைய இருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் மழை சற்று ஓயும் இடைவெளிகளில் புல்வெளியின் பாறைச் சரிவுகளில் நீலகிரி லில்லி மலரும்: கையளவு நீண்ட வெள்ளைப் புனல், நல்ல மணம். கூடவே இளஞ்சிவப்புக் கதிராக நிமிர்ந்து நிற்கும் சத்தீரியம் என்ற தரை ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் மரத்தின் மேல்தான் இருக்கும் என்று அண்ணாந்தே நடப்பவர்கள் இதைக் காலால் மிதித்துவிடுவார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் புதர்த்தவளைகளின் கச்சேரி. ‘டிக், டிக்’ என்று கேட்கும், ஆளைக் காணமுடியாது. கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். இரண்டு பேராகப் போனால் ஒரு வழி இருக்கிறது. சில அடி தள்ளித் தள்ளி நின்று, ஒலி வரும் திசையை இருவரும் கையால் காட்டுங்கள். இரு கைகளும் சந்திக்கும் இடத்தில் டார்ச்சை மங்கலாக அடியுங்கள். கத்துவது நின்றுவிடும், விளக்கை அணைத்துக் காத்திருந்தால் திரும்பத் தொடங்கும். இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. இலையிலோ சருகிலோ இடும் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும். இரவில் காட்டுக்குள் போக வேண்டியதில்லை, தங்கும் விடுதியின் வேலியோரமே போதும்.

வரையாட்டுக்கு இது இணை சேரும் பருவம். மற்ற மாதங்களில் தனித்துத் திரியும் வளர்ந்த கிடாக்கள் இப்போது மந்தையோடு சேரும். முதுகில் சேணம் போட்டது போல் வெளிறிய திட்டு இருந்தால் அது வயதான கிடா. இந்த விலங்கு நம் மாநில விலங்கு. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 என்றும், 2025-இல் 1,303 என்றும் எண்ணியிருக்கிறார்கள். அடிக்கடி கீழ்ச்சரிவையே கண்காணிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஆகவே பள்ளத்திலிருந்து ஏறி நெருங்குவதைவிட, எதிர்ச்சரிவில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பதே மேல்.

அக்டோபர் – நவம்பர்: கிழக்குச் சரிவின் முறை

இப்போது கொடைக்கானல், கோத்தகிரிப் பக்கம் திரும்புங்கள். அடிவாரப் புதர்களில் செங்காந்தள் சுடர் விட்டிருக்கும். தொடக்கத்தில் மஞ்சளும் பச்சையுமாக இருந்து போகப் போகச் சிவக்கும் அதன் இதழ்களை வைத்தே பூவின் வயதைச் சொல்லிவிடலாம். பார்க்கலாம், தொட்டு விளையாட வேண்டாம். கிழங்கு கொடிய நஞ்சு.

வலசைப் பறவைகள் வந்து சேரும் நேரமும் இதுதான். ஓடையோரக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் கருஞ்சாம்பல் வாலாட்டி எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை இமயத்தின் வடமேற்கு ஓரத்தில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிறது. ஊட்டியைச் சுற்றியுள்ள சோலையோரங்களில் பார்க்கலாம். வண்ணத்துப்பூச்சிகளிலும் வலசை உண்டு. கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை கோடை முடிவில் மேற்கிலிருந்து கிழக்கே போய், இந்தப் பருவத்தில் கூட்டம் கூட்டமாக மேற்கு மலைக்குத் திரும்பும். ஒரே திசையில், ஒரே உயரத்தில், நிற்காமல் பறந்துகொண்டே இருந்தால் அது வலசைதான்.

டிசம்பர் – பிப்ரவரி: பனி

முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. புல் கருகிப் பழுப்பாகும். பூ இல்லை என்று நினைக்கும்போது, புல்வெளியில் தன்னந்தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும் காட்டுப் பூவரசு ரத்தச் சிவப்பாகப் பூக்கும். இமயத்தின் ரோடோடென்ட்ரானுக்கு நம் மலையில் வாழும் உறவு இது. தடித்த பட்டை இருப்பதால் புல்வெளித் தீயையும் தாங்கி நிற்கிறது. பூத்த மரம் ஒன்றைக் கண்டால் அன்றைய நடையை அங்கேயே நிறுத்திவிடலாம். தேனுக்காக வெள்ளைக்கண்ணிகளும் தேன்சிட்டுகளும் வரும். நீலகிரிச் சிரிப்பான் தலையைப் பூவுக்குள் விட்டு, மகரந்தம் ஒட்டிய முகத்தோடு வெளியே எடுக்கும். மரத்துக்குக் கீழே நிற்காமல், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி பதினைந்து இருபது அடி தள்ளி உட்காருங்கள்.

அடிவாரத்தில், மசினகுடி போன்ற வறண்ட காடுகளில், இலையெல்லாம் உதிர்த்த இலவ மரத்தில் பெரிய சிவப்புப் பூக்கள் வரும். சற்றுத் தள்ளிப் புரசு. பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். புதியவர்களுக்கு நல்ல தொடக்கம் அது.

ஆனைமலையில் பெரிய இருவாச்சி கூடு கட்டத் தொடங்கும். மரப்பொந்துக்குள் பெண் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஒரு கீற்று வழியாக ஆண் பழம் ஊட்டும். கூட்டு மரத்தை யாராவது காட்டினாலும் நெருங்கிப் போகாதீர்கள். நீங்கள் அங்கே நிற்கும் வரை ஆண் பழத்தோடு தூரத்தில் காத்திருக்கும்; உள்ளே பசி. அதைவிட, பழுத்த அத்தியோ ஆலோ இருக்கும் இடத்தில் காத்திருங்கள். இருவாச்சி, மலையணில், பச்சைப்புறா, வால்பாறைப் பக்கமென்றால் சோலைமந்தியும் வரக்கூடும். இருவாச்சி வருவதை இறக்கை ஓசையே சொல்லிவிடும், ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல.

மார்ச் – மே: வெயிலும் கோடை மழையும்

ஏப்ரல் நடுவரை பெரும்பாலான தடங்கள் மூடியிருக்கும் என்பதால் அதுவரை சாலையோரமும் அனுமதியுள்ள சோலைகளுமே நமக்கு. பார்க்க வேண்டியது சோலையின் தளிர். நாவல் இனங்களும் காட்டு இலவங்கமும் துளிர்விடும்போது மேற்கூரை செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் காடே பூத்த தோற்றம். தவிட்டுப்பழச் செடியில் ரோஜா நிறப் பூ. ஏப்ரல், மே மாதங்களில் முதல் கோடை மழைக்குப் பின் டாப்ஸ்லிப் பக்கம் மின்மினிகள் மரம் மரமாக ஒரே தாளத்தில் எரிந்து அணையும். கோடை விடுமுறை நெரிசலில் மலைக்கு வருகிறவர்கள், வனத்துறை வழியாக இதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். செல்போன் வெளிச்சம்கூட அவற்றின் பேச்சைக் குலைக்கும்.

மலைச்சீட்டிக்குருவியைக் கேட்க மே கடைசி சரியான நேரம். விடியும் முன்பே ஓடைக்கரையில் பாடத் தொடங்கிவிடும். யாரோ ஒரு பையன் ராகம் தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு போகிறான் என்றே தோன்றும்.

6. அழகாக இருப்பதெல்லாம் நம்முடையது என்று எண்ண வேண்டாம்

இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஊட்டியில் மக்கள் படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் பூக்களில் பல, வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. ஸ்காட்ச் புரூமும் முள் நிறைந்த கோர்ஸும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. சீகை என்று நம்மவர் சொல்லும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இவை புல்வெளியை மூடிவிட்டால் வரையாட்டுக்குப் புல் இல்லை, குறிஞ்சிக்கு இடமில்லை, புல்வெளியில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்குக் கூடு கட்ட நிலமில்லை. அடிவாரத்தில் உண்ணிச்செடியும் முதுமலைப் பக்கம் மஞ்சள் கொன்றையும் அதே வேலையைச் செய்கின்றன. சாலையோர ஜக்கரண்டாவின் ஊதா தென்னமெரிக்காவின் ஊதா.

ஆகவே பூ பார்க்கும் பழக்கத்தில் முதல் பயிற்சியாக, வந்தேறிச் செடிகளைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஏழெட்டு இனம்தான். அவற்றைக் கண்ணால் கழித்துவிடத் தெரிந்தால், மிச்சமிருப்பது நம் மலையின் சொந்தப் பூ.

7. விலங்கைக் காணாத நாளில்

பல நாட்கள் விலங்கே தென்படாது. அப்போது தடத்தில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். பூனைக் குடும்பத்தின் காலடியில் நகம் பதியாது. நாய்க்கும் செந்நாய்க்கும் பதியும். பாதை நடுவிலோ பாதை சந்திப்பிலோ மயிர் நிறைந்த எச்சம் பல குவியலாகக் கிடந்தால் செந்நாய்க் கூட்டம் போயிருக்கிறது. பழக்கொட்டையும் கரையான் ஓடும் கலந்த பெரிய குவியல் கரடியுடையது. ஓடைப் பாறைமேல் நண்டு ஓடு நொறுங்கிக் கலந்த எச்சம் நீர்நாயினுடையது. யானை விட்டையில் புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

8. ஆபத்தான சந்திப்புகள்

கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரியில் காட்டு மாடு தேயிலைத் தோட்டத்திலும் வீட்டு வாசலிலும் நிற்கும். பழகிய மாடு என்று எதுவும் கிடையாது. தனியாக நிற்கும் பெரிய காளை தலையைத் தாழ்த்தி மூச்சை உரக்க விட்டால், முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்வாங்குங்கள். ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால் பாதையை அதற்கு விட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருநாளும் போகக் கூடாது. யானைக்கும் இதே விதி, இன்னும் நூறு மடங்கு.

கரடி நம்மைத் திடீரென்று பார்த்தால்தான் பாயும். பார்வை மறைக்கும் திருப்பங்களில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போங்கள். மற்ற இடங்களில் அமைதியாக நடக்க வேண்டும், இது மட்டும் விதிவிலக்கு. மழைக்காலத்தில் குழிவிரியன்கள் இடுப்பளவுக் கிளைகளிலும் பாதையோரப் புதரிலும் அசையாமல் கிடக்கும். பிடிமானத்துக்குக் கை வைக்கும் முன் கண்ணை வையுங்கள். பாறை முகட்டுக்குக் கீழே மலைத்தேனீயின் அடைகள் தொங்கினால் அங்கே புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் வேண்டாம்.

9. பதிவு செய்வது எப்படி

பூவை மட்டும் அழகாக எடுத்த படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஒரு செடிக்கு ஐந்து படம்: முழுச் செடி, தண்டில் இலை எப்படி அமைந்திருக்கிறது, இலையின் அடிப்பக்கம், பூ நேராக, பூ பக்கவாட்டில். அளவு தெரிய விரலைப் பக்கத்தில் வையுங்கள். பறிக்க வேண்டாம். தேதி, உயரம், எந்தப் பக்கச் சரிவு, பாறையா புல்லா சோலையா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், பறவைக்கு ஈபேர்ட், ஊரில் உள்ள மரமே போதும் என்றால் சீசன் வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தின் தளிர், பூ, காயை வாரா வாரம் பதியலாம்.

அரிய ஆர்க்கிட், இருவாச்சிக் கூடு, சிறுத்தை தங்கும் பாறை ஆகியவற்றின் சரியான இடத்தை வெளியே சொல்லாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்க வசதி இருக்கிறது. வாட்ஸாப்பில் அந்த வசதி இல்லை. படத்தை அனுப்பும் முன் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்குங்கள்.

முடிந்தால் ஒரே தடத்தை ஆண்டில் நான்கு பருவமும் நடங்கள். புதுப்புது இடமாகத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ கற்றுக்கொடுக்கும். எந்தப் பாறையில் எந்த மாதம் என்ன வரும் என்பது இரண்டாம் ஆண்டில் மனப்பாடமாகிவிடும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் எழும்.

10. குறிஞ்சிக்குக் காத்திருப்பவர்களுக்கு

நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-இல், ஜூலை முதல் அக்டோபருக்குள். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை தந்து மடியும் செடி அது. இப்போது புல்வெளிகளில் நிற்பவை 2018-இன் விதையிலிருந்து முளைத்தவை. எதிரெதிராக அமைந்த, ஓரத்தில் பற்கள் உள்ள, நரம்பு அழுந்திய சொரசொர இலைகள், முழங்கால் உயரப் புதர்: இந்த அடையாளத்தோடு இப்போதே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அவலாஞ்சிப் பக்கத்திலும், கொடைக்கானலைச் சுற்றியும், இரவிகுளத்திலும் உண்டு. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது பாதுகாக்கப்பட்ட தாவரமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கொத்து பறித்தாலும் தண்டனை உண்டு.

இடையில் ஆங்காங்கே ஒன்றிரண்டு புதர் முறை தவறிப் பூத்து, “குறிஞ்சி பூத்துவிட்டது” என்று செய்தி வரும். சில நேரம் அது குறிஞ்சியின் வேறு இனமாகவும் இருக்கும். நம் மலைகளில் குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் உள்ளன. சில ஆண்டுதோறும் பூப்பவை, சில பல ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பவை. ஆகவே அப்படி ஒரு செய்தி வந்தால் ஓடிப்போய்ப் பாருங்கள், இலையையும் காம்பையும் சேர்த்துப் படமெடுங்கள், தேதி போட்டு வையுங்கள். அந்த இனம் அடுத்து எப்போது பூக்கும் என்பதை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்க முடியும்.